மலைக்குப் போகும் மின்சாரம்

அத்தியாயம் 17

பொதட்டூர்பேட்டையில் ஒரு வீட்டில் தறிச் சத்தம் நின்றுவிட்டால், நல்லதோ கெட்டதோ அங்கே ஏதோ நடக்கிறது என்று தெருவுக்கே தெரிந்துவிடும். சிவப்பிரகாசத்தின் வீட்டில் அன்றைக்கு நான்கு தறிகளும் நின்றிருந்தன. விடிந்தால் கடைசிப் பெண் தமிழ்செல்விக்குத் திருத்தணி மலைமேல் கல்யாணம்.

வாசலில் பந்தல்காரர்கள் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே கூடத்தில், கட்டிலை ஒட்டி ஒரே ஒரு இயந்திரம் மட்டும் நிற்காமல் ஓடியது. காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்து, குழாய் வழியாகச் சிவப்பிரகாசத்தின் மூக்குக்கு அனுப்புகிற இயந்திரம். ஆயுசு முழுக்கப் பஞ்சுத்தூசியைக் குடித்த அவருடைய நுரையீரல் இரண்டு வருஷமாக அதை நம்பித்தான் இருக்கிறது.

மலைமேல் கல்யாணம் என்பது அம்மா கௌரியம்மாளின் வேண்டுதல். நைனா எதிரே இல்லாமல் மணையில் உட்கார மாட்டேன் என்பது தமிழ்செல்வியின் பிடிவாதம். டாக்டர் யோசித்துத்தான் தலையாட்டினார். ஆக்ஸிஜன் நடுவில் நிற்கக் கூடாது, ஹோமத் தீக்குப் பக்கத்தில் போகக் கூடாது என்று இரண்டு நிபந்தனை போட்டார்.

ஆனால் அவர்கள் பிடித்திருந்த கல் மண்டபத்தில் ப்ளக் பாயிண்ட் கிடையாது. தீ வளர்க்கிற இடத்தில் ஆக்ஸிஜன் சிலிண்டர் வைக்க மண்டபத்துக்காரர் ஒப்பவில்லை. கீழே காரில் வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள் என்றுவிட்டார். வீட்டு இன்வெர்ட்டரையும் அதன் ஆசிட் பேட்டரிகளையும் பெயர்த்துக்கொண்டு மலையேற முடியாது.

எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டிருந்த நேரத்தில்தான், முந்தின நாள் மாலை, ஸ்ரீதர் வந்து இறங்கினான். தறிகளை விற்றுவிட்டுச் சென்னைக்கு வந்துவிடுங்கள் என்று சொன்னதற்காக, "இனிமே என் மூஞ்சில முழிக்காத" என்று அப்பா துரத்திய மகன். இரண்டு வருஷம் வாசப்படி மிதிக்காதவன். தங்கை போனில் அழுததைக் கேட்டு, தோளில் ஒரு பெட்டியோடு வந்திருந்தான்.

கைப்பிடி வைத்த மின்பெட்டி. உள்ளே பேட்டரி. முன்பக்கம் ப்ளக் செருகுகிற இடம், சின்னத் திரை. நெற்றியில் பெரிய எழுத்தில் 1000 என்று போட்டிருந்தது.

சிவப்பிரகாசம் பெட்டியைப் பார்க்கவில்லை. மகனைத்தான் பார்த்தார். "வந்தியாடா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குக் கௌரியம்மாள் அடுப்படிக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள்.

அந்தப் பெட்டியைச் சந்தேகப்படுகிற வேலை மூத்த பெண் சுதாவின் தலையில் விழுந்தது. கனகம்மாசத்திரத்தில் வாழ்க்கைப்பட்டு, அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுக்கிறவள். சனி ஞாயிறு தவறாமல் வந்து அப்பாவின் இயந்திரத்துக்கு ஃபில்டர் கழுவிப் போடுகிறவளும் அவள்தான்.

"ஒரு தபா ஓட்டிப் பாத்துரலாம் ஸ்ரீதர்" என்றாள் மறுநாள் காலையில், காபித் தம்ளரை அவனிடம் கொடுத்தபடி.

ஸ்ரீதரின் முகம் மாறியது. "இன்னாத்துக்குக்கா? ஆயிரம் வாட்டு. நைனா மிஷினு வெறும் முந்நூத்தம்பது. இந்த மாதிரி ரெண்டு மிஷினு ஓட்டும்."

"ஓட்டும். எவ்ளோ நேரம் ஓட்டும்?"

"அதான் ஆயிரம்னு போட்டுகீதே!"

"ஒரே நேரத்துல எவ்ளோ குடுக்க முடியும்ன்றதுதான் அந்த ஆயிரம். உள்ள எவ்ளோ சேத்து வெச்சிகீதுன்றது வேற கணக்குடா. குழாய் பெருசா இருந்தா போதுமா, தொட்டில தண்ணி இருக்க வேணாமா? அத வாட் அவர்னு போட்டிருப்பாங்க."

பெட்டியைப் புரட்டிப் பார்த்தாள். வாட் அவர் எங்கேயும் இல்லை. அடிப்பக்கத்தில் பொடி எழுத்தில் மில்லி ஆம்பியர் அவரில் ஒரு எண் இருந்தது. பார்க்க மலைப்பாக இருக்கும் எண். உள்ளே இருக்கிற குட்டி செல்லின் வோல்டேஜோடு மனசுக்குள் பெருக்கினாள். அறுநூறு வாட் அவரைக்கூடத் தொடவில்லை. அதிலும் நஷ்டம் போகக் கைக்கு வருவது இன்னும் குறைவு. காரை விட்டு இறங்கி, மண்டபத்துக்கு ஏறி, தாலி கட்டி முடிந்து திரும்பக் காருக்கு வர எப்படியும் நாலு மணி நேரம் ஆகும். இந்தப் பெட்டி ஒன்றரை மணி நேரம் தாக்குப் பிடித்தாலே பெரிசு.

நிமிர்ந்தாள். கட்டிலிலிருந்து அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது.

சுதாவால் சொல்ல முடியவில்லை. தானே 'வேண்டாம்' என்பதைவிடப் பெட்டியே சொல்லிவிடட்டும் என்று நினைத்தாள்.

"ஓட்டிப் பாக்கட்டும்டா" என்றார் சிவப்பிரகாசம். "இன்னா இப்போ."

ஸ்ரீதர் வெடுக்கென்று இயந்திரத்தின் ப்ளக்கைச் சுவரிலிருந்து உருவிப் பெட்டியில் செருகினான். இயந்திரம் ஓடியது. ஆனால் எப்போதும் போலச் சீராக ஓடவில்லை. அடித்தொண்டையில் உறுமுவது போல ஒரு சத்தம். சுதா காது கொடுத்துக் கேட்டாள். அதற்குள் வாசலில் பூக்காரர் வந்து மாலை அளவு கேட்டுக் கூப்பிட்டார்.

அவள் திரும்ப வந்தபோது திரையில் பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது. ஸ்ரீதர் எதிரே ஸ்டூலில் குந்தி நகம் கடித்துக்கொண்டிருந்தான். சிவப்பிரகாசம் கண்ணை மூடிப் படுத்திருந்தார்.

"நைனா, எப்டி இருக்குது?"

"ஆங்... நல்லா கீறேன்."

பந்தல்காரர் கூப்பிட்டார். மறுபடி போனாள். மறுபடி வந்தாள். இந்த முறை நிலைப்படியிலேயே அவள் கால் நின்றுவிட்டது. சிவப்பிரகாசத்தின் கழுத்தடிக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. உதடு சாம்பல் பூத்திருந்தது.

ஓடிப்போய் அவர் விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டினாள். தொண்ணூறுக்கு மேல் காட்ட வேண்டிய எண் எண்பத்துமூன்று காட்டியது.

"ஸ்ரீதர்! இன்னாடா பாத்துகினு இருந்த?"

"மிஷினு ஓடிகினுதானே கீது!" அவன் எழுந்து நின்றுவிட்டான்.

ஓடிக்கொண்டுதான் இருந்தது. சுதா அதன் முகப்பில் குனிந்து பார்த்தாள். கண்ணாடிக் குழாய்க்குள் மிதக்கிற குட்டிப் பந்து இரண்டாவது கோட்டில் நிற்க வேண்டும். ஒன்றுக்கும் கீழே கிடந்தது.

"யாரு இத கொறச்சது?"

"நான் தொடவேயில்லக்கா. அம்மா வந்து கூப்ட்டாங்கன்னு ஒரு நிமிசம் எழுந்து போனேன், அவ்ளோதான்."

"நாந்தான்" என்றார் சிவப்பிரகாசம். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. "கம்மியா இழுத்தா... பேட்டரி... நெறைய நேரம் நிக்கும்ல. புள்ள... ஆசையா... வாங்கியாந்தான்."



சுதா திருகியை இரண்டுக்கு ஏற்றினாள். "காத்த கொறச்சாலும் மிஷினு கிட்டத்தட்ட அதே கரண்ட்டத்தான் குடிக்கும் நைனா. நீங்க சொம்மா மூச்சடக்கிகினு..."

அவள் முடிப்பதற்குள் பெட்டி இரண்டு முறை கூவியது. திரை அணைந்தது. உறுமல் நின்றது. அடுத்த நொடி ஆக்ஸிஜன் இயந்திரத்தின் அபாயச் சத்தம் வீட்டையே பிளந்தது.

ஸ்ரீதர் சிலையாக நின்றான். அடுப்படியிலிருந்து கௌரியம்மாள் ஓடிவந்தாள். மாடியிலிருந்து, கையில் பாதி மருதாணியோடு தமிழ்செல்வி இறங்கி வந்து, "நைனா, நைனா" என்று கத்தினாள். சுதா ப்ளக்கைப் பிடுங்கிச் சுவரில் செருகினாள். முதல் தடவை பொருந்தவில்லை. இரண்டாம் தடவை பொருந்தியது. இயந்திரம் உயிர்பெற்றது.

எண்பத்தொன்று. எண்பத்துநாலு. எண்பத்தெட்டு. அந்தச் சின்ன எண்ணைச் சுற்றி நான்கு பேரும் குனிந்து நின்றார்கள். தொண்ணூற்றிரண்டு வந்ததும் கௌரியம்மாள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"வேணாம்" என்றாள் தமிழ்செல்வி. "நைனா வர வேணாம். நான் போய் சொல்லிட்றேன்."

"வாய மூடுடி" என்றார் சிவப்பிரகாசம். நிறம் திரும்பியிருந்தது. "நான் வராம... எவன் உன்ன தாரை வாத்துக் குடுக்கறது?"

ஸ்ரீதர் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினான்.

"அத எங்கடா எடுத்துகினு போற? இங்கியே இருக்கட்டும்."

"இது வேணாம் நைனா." அவன் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. "வேற வாங்கினு வரேன். அக்காவோட போறேன்."

இருவரும் மோட்டார் பைக்கில் திருத்தணிக்குக் கிளம்பினார்கள். தூரத்தில் மலையும் கோபுரமும் தெரியத் தொடங்கியபோது ஸ்ரீதர் திரும்பாமலே சொன்னான்.

"மலை மேல வெச்சி நின்னிருந்தா நாந்தான் கொன்னிருப்பேன்க்கா."

"நானும்தான். மொதல்லயே எனக்குத் தெரியும். உன் மூஞ்சியப் பாத்துட்டு சொல்லாம வுட்டுட்டேன்."

அவன் வண்டியை ஓரம் கட்டினான். கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி கிளப்பினான். அவ்வளவுதான் பேச்சு.

அரக்கோணம் ரோட்டில் சோலார், இன்வெர்ட்டர் விற்கிற கடை. முதலாளி தீனதயாளன் வெள்ளைச் சட்டையும் விபூதியுமாக வாய் நிறையச் சிரித்து வரவேற்றார்.

"எத்தினி வாட்டு வேணும்மா?"

"வாட்டு இருக்கட்டும்ங்க. வாட் அவர் சொல்லுங்க." இயந்திரத்தின் பின்பக்கத்து லேபிளைப் படம் எடுத்து வந்திருந்தாள். அதை நீட்டினாள். "இந்த மிஷினு நாலு மணி நேரம் ஓடணும். கை இருப்பு கொஞ்சம் இருக்கணும்."

தீனதயாளன் முதலில் பளபளவென்று ஒரு பெட்டியைக் காட்டினார். 3000 என்று போட்டிருந்தது. விலையும் தாங்கும்படி இருந்தது. "டிவி, ஃபேன், மிக்ஸி எல்லாம் ஓடும்மா."

"ப்யூர் சைன் வேவா?"

அவர் தயங்கினார். "கிட்டத்தட்ட அப்டித்தான்."

"கிட்டத்தட்டன்னா வேணாங்க. உள்ள கம்ப்ரஸர் ஓட்ற மிஷினு. கரண்ட்டோட அலை சுத்தமா இல்லன்னா உறுமும், சூடாவும்."

"காலைல உறுமிச்சே, அதானா?" என்றான் ஸ்ரீதர், தனக்குத்தானே சொல்வது போல.

அடுத்து ஒரு சின்னப் பெட்டி. ஆயிரம் வாட் அவர். ஒரு கையில் தூக்கலாம். "நூறு இருந்தா கைக்கு எம்பத்தஞ்சுதான் வரும்" என்று சுதா கணக்குப் போட்டாள். "ரெண்டரை மணி நேரங்கூட நிக்காது."

"அப்போ ரெண்டு வாங்கிக்கலாம்க்கா. ஒண்ணு படுத்துட்டாக்கூட இன்னொண்ணு இருக்கும்ல?"

சுதா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். நல்ல யோசனை. அவளுக்குத் தோன்றாதது. ஆனால் கடையில் ஒன்றுதான் இருந்தது. இன்னொன்று வர மூன்று நாளாகுமாம்.

கடைசியில் உள்ளிருந்து இரண்டு பேர் ஒரு பெட்டியைத் தூக்கி வந்து வைத்தார்கள். இரண்டாயிரம் வாட் அவர். அலை சுத்தம். உள்ளே இருப்பது சட்டென்று தீப்பிடிக்காத வகை லித்தியம் செல், பல வருஷம் உழைக்கும் என்றார் தீனதயாளன். அதைச் சுதா தாளில் படித்துப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். சுவர் ப்ளக்கில் போட்டால் எவ்வளவு நேரத்தில் நிறையும், ஓடும்போது வயரில் கை வைத்தால் சுடுமா, கோளாறு வந்தால் எங்கே அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டே போனாள். தீனதயாளனின் சிரிப்பு மெல்ல வற்றியது.

விலையைக் கேட்டு ஸ்ரீதர் ஒரு நொடி கண்ணை மூடினான். பிறகு குனிந்து பெட்டியைத் தனியாகத் தூக்கினான். கழுத்து நரம்பு புடைத்தது.

"மண்டபத்துக்குப் படி இருக்குதுடா" என்றாள் சுதா.

"தூக்குவேன்."

"இன்னும் ஒண்ணுங்க" என்று அவள் தீனதயாளன் பக்கம் திரும்பினாள். "எங்க வூட்ல அந்த மிஷின இதுல போட்டு ஓட்டிப் பாப்பேன். சொன்ன மாதிரி நிக்கலன்னா இன்னிக்கே திருப்பி எடுத்துக்கணும்."

"வித்த சாமான திருப்பி எடுக்கற வழக்கம் இல்லம்மா."

"அப்டீன்னா வேணாங்க. நாங்க திருப்பதி போயிட்டு வர்றோம்."

ஸ்ரீதர் பயந்துபோய் அக்காவைப் பார்த்தான். திருப்பதி போய்வர நேரம் கிடையாது என்பது இருவருக்கும் தெரியும். சுதா செருப்பை மாட்டத் தொடங்கினாள். தீனதயாளன் பெருமூச்சு விட்டார்.

"சரிம்மா. எங்க ஆட்டோலயே அனுப்பறேன். ஆனா இன்னிக்குள்ள சொல்லிடணும்."

வெயில் சாய்கிற நேரம். பெட்டியை நிறைய சார்ஜ் ஏற்றி, இயந்திரத்தை அதில் மாட்டினார்கள். சுவரில் ஓடுவது போலவே சீராக ஓடியது. உறுமல் இல்லை. இந்த முறை சுதா கட்டிலை விட்டு நகரவில்லை. யார் கூப்பிட்டாலும் "அப்பால" என்றாள். அப்பாவின் விரலில் ஆக்ஸிமீட்டர், அவள் கண் பெட்டியின் திரையில்.

ஒரு மணி நேரத்துக்கு இருபத்திரண்டு சதவீதம் இறங்கியது.

"நாலரை மணி நேரம்" என்றாள். அன்றைக்கு முதல் தடவையாக அவள் தோள் தளர்ந்தது. தமிழ்செல்வி ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். ஸ்ரீதர் தீனதயாளனுக்குப் போன் போட்டு "வெச்சிக்கறோம்ங்க" என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் திரும்பவும் சார்ஜில் போட்டான்.

அந்தச் சந்தோஷம் காபி ஆறுகிற வரைகூட நிற்கவில்லை. நகரியிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா பேசினார். நாளைக்கு முகூர்த்த நாள், மலையில் கூட்டம் தாங்காதாம். அதே மண்டபத்தில் முன்னாடி ஒரு கல்யாணம் இருக்கிறதாம். கொஞ்சம் முன்ன பின்ன ஆகும், தப்பா நினைச்சுக்காதீங்க என்றார்.

"கொஞ்சம்னா எவ்ளோ மாமா?" என்று கேட்டாள் சுதா.

"அதெல்லாம் நம்ம கைலயாம்மா இருக்குது? சாமி கைல இருக்குது."

சுதா போனை வைத்துவிட்டுத் தம்பியைத் தறிக்கூடத்துக்குக் கூட்டிப் போனாள். நின்ற தறிகளுக்கு நடுவில், பாதி நெய்த லுங்கித் துணி மேல் கை வைத்தபடி நின்றாள்.

"எனக்கு மணையாண்ட வேலை இருக்கும். நைனா பக்கத்துல நீதான் உக்காரணும். பெட்டிய விட்டுக் கண்ண எடுக்கக் கூடாது."

"சரிக்கா."

"திரையில முப்பது சதவீதம் வந்திச்சின்னா எழுந்துடணும். கூட்டத்துல அவர தூக்கிகினு படி எறங்கி, காருக்கு வந்து சிலிண்டர் மாட்றதுக்கு நேரம் வேணும். தாலி கட்டலன்னாலும் சரி. கெட்டி மேளம் கொட்டிகினு இருந்தாலும் சரி. முப்பதுன்னா எறங்கணும். செல்வி அழுவா, அம்மா அழுவாங்க. நீ எதுவும் பாக்கக் கூடாது. செய்வியா?"

ஸ்ரீதர் தறியின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான்.

"ஆங்" என்றான்.

இருட்டத் தொடங்கியிருந்தது. வாசலில் சீரியல் பல்பு எரிய ஆரம்பித்தது. மாமன் வீட்டார் வந்து இறங்கிய சத்தத்தில் வீடு கலகலத்தது. சுதா அப்பாவுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். நிலைப்படியில் நின்றாள்.

ஸ்ரீதர் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்திருந்தான். சிவப்பிரகாசத்தின் கை மகனின் தலைமேல் இருந்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தக் கை அங்கே இருந்தது.

"டேய்."

"சொல்லுங்க நைனா."

"உங்க அக்கா... கணக்குக்காரி. உங்கிட்ட ஏதாவது சொல்லியிருப்பா."

ஸ்ரீதர் அப்பாவின் போர்வை நுனியை இழுத்துச் சரிசெய்தான்.

"எனக்கு வயசாச்சு. இனிமே ஒரு கல்யாணம்... நான் பாக்கப் போறதில்ல. பெட்டி இன்னா காட்டினாலும்... எம்பொண்ணு கழுத்துல தாலி ஏறாம... என்ன அங்கேர்ந்து அசைக்காத. உன்ன நம்பித்தான்டா வரேன்."

இயந்திரம் சீராக மூச்சு விட்டது. மூலையில், சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த பெட்டியின் திரை மங்கலாக ஒளிர்ந்தது.

"ஆங், நைனா" என்றான் ஸ்ரீதர்.

தறிக்கூடத்தில் அவளுக்குச் சொன்ன அதே 'ஆங்'. அதே குரல்.

சுதாவின் கையில் கஞ்சித் தம்ளர் சுட்டது. அவள் அதை மாற்றிப் பிடிக்கவில்லை. ஸ்ரீதர் மெல்லத் திரும்பினான். நிலைப்படியில் நிற்கும் அக்காவைப் பார்த்தான். எல்லாவற்றையும் அவள் கேட்டுவிட்டாள் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் கண்ணைத் தாழ்த்திக்கொள்ளவில்லை.

இரண்டில் எந்த வாக்கை அவன் காப்பாற்றப் போகிறான் என்று, பிறந்த நாள் முதல் அவன் முகத்தைப் படித்துப் பழகிய சுதாவுக்கே தெரியவில்லை.